கலர் ஏன் மாறவில்லை? இலைக் கணக்கு ஷீட்டில் மேக்ரோ பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

நீலகிரியில் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் இடங்களில் கணக்கு நோட்டோடு ஓர் எக்ஸெல் ஷீட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. தேதி, ஊர், விவசாயி பெயர், எடை, தண்ணீர்க் கழிவு, நல்ல இலை சதவீதம், கிலோ விலை, பட்டுவாடா நிலை என்று ஏ முதல் ஹெச் வரை எட்டு காலம் (நெடுக்கு வரிசை). அதில் மூன்று காலத்துக்குக் கலர் கேட்பார்கள். பட்டுவாடா ‘பாக்கி’ என்றால் சிவப்பு, ‘பாதி’ என்றால் மஞ்சள், ‘தீர்ந்தது’ என்றால் பச்சை. நல்ல இலை சதவீதம் எல்லைக்குக் கீழே போனால் ஆரஞ்சு. கொடுத்த விலை, தேயிலை வாரியம் அந்த மாதத்துக்கு அறிவித்த விலையைவிடக் குறைந்தால் அதுவும் சிவப்பு.

சாயங்காலம் இலை வண்டி கிளம்பும் நேரத்தில் எண்ணை யாரும் படிப்பதில்லை. கலரைத்தான் பார்க்கிறார்கள். பச்சை தெரிந்தால் பணம் போய்விட்டது என்று அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள். தப்பான பச்சை ஒரு குடும்பத்தின் இலைக் காசைத் தள்ளிப்போட்டுவிடும். கலர் பிழையை அழகு சம்பந்தப்பட்ட சின்ன விஷயமாக நான் பார்க்காததற்கு அதுதான் காரணம்.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேக்ரோ என்பது எக்ஸெலுக்குள் நாம் எழுதிவைக்கும் சின்ன நிரல். அது பூசும் கலர், ஓடிய நொடியில் எடுத்த முடிவு. பிறகு செல்லில் இருப்பது மாறினாலும் கலர் அங்கேயே நிற்கும். மேக்ரோ மறுபடி ஓடினால்தான் மாறும். ஆகவே எந்த அறிகுறி வந்தாலும் கேள்வி இரண்டுதான்: மேக்ரோ ஓடியதா? ஓடியது என்றால், செல்லுக்குள் என்ன இருப்பதாக எடுத்துக்கொண்டது?

கண்டிஷனல் ஃபார்மேட்டிங் (நிபந்தனை வைத்துக் கலர் தரும், எக்ஸெலிலேயே உள்ள வசதி) அப்படி இல்லை. செல் மாறினால் கலரும் கூடவே மாறும். எக்ஸெல் 2003 வரை அதில் மூன்று நிபந்தனைதான் போட முடியும். நாலாவது கலர் வேண்டுமென்றால் மேக்ரோவைத் தவிர வழியில்லை. 2007-இல் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. இன்றும் பலர் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேக்ரோ எழுதுகிறார்கள். பட்டுவாடா நிலைக்குக் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கே போதும் என்பது என் கருத்து. அன்றைய முடிவு அப்படியே நிலைத்து நிற்க வேண்டிய இடம், வேறு ஃபைலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடம், ஒரு செல்லைப் பார்த்துப் பல ஷீட்டில் பூச வேண்டிய இடம்: மேக்ரோ அங்கே வரட்டும்.

கட்டளைச் சொற்களைக் கீழே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

ஒன்றுமே நடக்கவில்லை

‘பாக்கி’ என்று அடித்து என்டர் தட்டியாயிற்று. செல் வெள்ளையாகவே இருக்கிறது, பிழைச் செய்தியும் இல்லை. மேக்ரோ ஓடியதா என்பதை ஊகிக்க வேண்டாம், நேரில் பார்த்துவிடலாம். ஆல்ட்டும் எஃப்11-உம் அழுத்தி எடிட்டரைத் திறங்கள். மேக்ரோவின் முதல் வரியில் கர்சரை வைத்து எஃப்9 அழுத்தினால் இடது ஓரத்தில் ஒரு பழுப்புச் சிவப்புப் புள்ளி விழும். ஷீட்டுக்குத் திரும்பி ஒரு செல்லை மாற்றுங்கள். எடிட்டர் முன்னால் வந்து அந்த வரி மஞ்சளாக நின்றால் மேக்ரோ ஓடுகிறது. இந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்த அறிகுறிகளுக்குப் போகலாம். வராவிட்டால் கீழே உள்ளவற்றில் ஒன்று.

முதலில் ஃபைல் பெயரின் வாலைப் பாருங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால் அதில் மேக்ரோ இருக்கவே முடியாது. சேமிக்கும்போது எக்ஸெல் ஓர் எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் ‘யெஸ்’ தட்டினால் எழுதியதெல்லாம் போய்விடும். எக்ஸ்எல்எஸ்எம் என்று சேமிக்க வேண்டும்.

அடுத்தது, மேக்ரோ எந்த இடத்தில் இருக்கிறது என்பது. செல் மாறியதும் தானாக ஓட வேண்டிய ஒர்க்‌ஷீட்_சேஞ்ச், அந்தந்த ஷீட்டின் சொந்தப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ‘இன்சர்ட், மாட்யூல்’ போட்டு அங்கே ஒட்டினால் அது வெறும் பெயராகக் கிடக்கும், எக்ஸெல் அதைக் கூப்பிடாது. ஷீட்டின் பெயர்ப் பட்டையில் வலது கிளிக் செய்து ‘வியூ கோட்’ கொடுத்தால் சரியான பக்கம் திறக்கும்.

ஃபைல் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வந்ததா? மைக்ரோசாஃப்ட் 2022-இல் இருந்து, இணையம் வழியாக வந்த ஃபைல்களில் உள்ள மேக்ரோவைத் தானாகவே தடுத்துவிடுகிறது. மேலே சிவப்புப் பட்டை ஒன்று தெரியும். பழைய மஞ்சள் பட்டையில் இருந்த ‘எனேபிள்’ பட்டன் அதில் இருக்காது. ஃபைலை மூடி, அதன்மேல் வலது கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘ஜெனரல்’ பக்கத்தின் அடியில் உள்ள ‘அன்பிளாக்’ பெட்டியில் டிக் போட வேண்டும். அனுப்பியவர் யார், மேக்ரோ எதற்கு என்று தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கணக்கு ஃபைல் மாதிரியே பெயர் வைத்துக்கொண்டு வைரஸ் வருவது இந்த வழியாகத்தான். ‘ட்ரஸ்ட் சென்டர்’ போய் எல்லா மேக்ரோவையும் ஒரேயடியாகத் திறந்துவிடுவது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, எடை போடும் இடத்தில் போனில் அடிப்பவர்களுக்கு. எக்ஸெலின் ஆண்ட்ராய்டு ஆப்பிலும் பிரவுசரில் திறக்கும் எக்ஸெலிலும் இந்த மேக்ரோ ஓடாது. போனில் அடித்த வரிகள் கலர் இல்லாமல் வந்தால் அதில் பிழை எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் திறந்ததும் முழுக் காலத்துக்கும் ஒருமுறை பூசும் தனி மேக்ரோ ஒன்றை எழுதி, ஒரு பட்டனில் வைத்துவிடுங்கள்.

நேற்று வரை வந்தது, இன்று நின்றுவிட்டது. எக்ஸெலை மூடித் திறந்தால் மறுபடி வருகிறது

‘மூடித் திறந்தால் சரியாகிறது’ என்று யாராவது சொன்னால் பாதி வேலை முடிந்தது. காரணம் அநேகமாக எனேபிள்ஈவென்ட்ஸ்தான், அதாவது செல் மாறுவது போன்ற நிகழ்வுகளுக்கு மேக்ரோ தானாக ஓடலாமா என்று சொல்லும் சுவிட்ச். மேக்ரோவின் தொடக்கத்தில் அதை ஃபால்ஸ் ஆக்கி, கடைசியில் ட்ரூ ஆக்குவது வழக்கம். நடுவில் ஏதோ பிழை வந்து, ‘எண்ட்’ பட்டனைத் தட்டிவிட்டால் கடைசி வரிக்குப் போகவே இல்லை. அன்று முழுக்க எந்த ஃபைலிலும் எந்த நிகழ்வு மேக்ரோவும் ஓடாது. எக்ஸெலை முழுதாக மூடித் திறந்தால் பழைய நிலைக்கு வந்துவிடும், அடுத்த பிழை வரும் வரைக்கும்.

உடனடித் தீர்வு: எடிட்டரில் கன்ட்ரோலும் ஜி-யும் அழுத்தினால் கீழே இமீடியட் ஜன்னல் வரும். அதில் இந்த ஒரு வரியை அடித்து என்டர் தட்டுங்கள்.

அப்ளிகேஷன்.எனேபிள்ஈவென்ட்ஸ் = ட்ரூ

நிரந்தரத் தீர்வு: மேக்ரோவின் தொடக்கத்தில் ‘ஆன் எரர் கோடூ’ போட்டு, பிழை வந்தாலும் கடைசியில் உள்ள இந்த வரிக்கே வந்து சேரும்படி செய்யுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் மேக்ரோ கலர் மட்டும்தான் பூசுகிறதா? அப்படியென்றால் எனேபிள்ஈவென்ட்ஸ் வரியே தேவையில்லை. கலர் பூசுவது சேஞ்ச் நிகழ்வைத் தூண்டாது. செல்லில் மேக்ரோவே எதையாவது எழுதும்போதுதான் அது தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு சுற்றும். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய மேக்ரோக்களில் இந்த வரி சும்மா ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொன்றாக அடித்தால் வருகிறது, மொத்தமாக ஒட்டினால் ‘டைப் மிஸ்மேட்ச்’, பிழை எண் 13

டார்கெட், அதாவது மாறிய இடம், ஒரே செல்தான் என்று நினைத்து எழுதிய மேக்ரோ இது. கட்டபெட்டு மையத்தில் இருந்து வந்த பட்டியலை அப்படியே ஒட்டும்போது டார்கெட்டில் நாற்பது செல் இருக்கும். நாற்பது செல்லின் மதிப்பை ஒரே சொல்லோடு ஒப்பிடச் சொன்னால் அது திகைத்து நின்றுவிடும். கீழே இழுத்து நிரப்பினாலும், பல செல்லைத் தேர்ந்து டெலீட் அழுத்தினாலும் இதே கதைதான்.

‘செல் ஒன்றுக்கு மேல் இருந்தால் வெளியே போ’ என்று ஒரு வரி சேர்ப்பதைப் பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பிழைச் செய்தியை நிறுத்தும், கலரையும் சேர்த்து நிறுத்திவிடும். ஒட்டிய நாற்பது வரியும் வெள்ளையாக நிற்கும். பார்ப்பவர் அதைப் ‘பாக்கி இல்லை’ என்று படிப்பார். சரியான வழி, இன்டர்செக்ட் போட்டு டார்கெட்டில் ஹெச் காலத்தில் விழும் பகுதியை மட்டும் பிரித்து, ஃபார் ஈச் போட்டு ஒவ்வொரு செல்லாகப் பார்ப்பது. பொதுவான செல் எதுவும் இல்லாதபோது இன்டர்செக்ட் ‘நத்திங்’ கொடுக்கும், அதை முதலில் சோதித்துவிடுங்கள். யூஸ்டுரேஞ்சையும் (ஷீட்டில் பயன்படுத்தியிருக்கும் பகுதி) அதே இன்டர்செக்டில் சேர்த்தால், முழுக் காலத்தையும் தேர்ந்து அழிக்கும்போது 10,48,576 வரியையும் சுற்றிக்கொண்டு எக்ஸெல் உறைந்து நிற்காது.

ஒரே செல்லை மாற்றும்போதே 13 வந்தால் அந்தச் செல்லை உற்றுப் பாருங்கள். வீலுக்அப் (பட்டியலில் தேடும் சூத்திரம்) தோற்றுப்போய் வைக்கும் பிழை மதிப்பு அங்கே இருக்கலாம். அதை எதனோடு ஒப்பிட்டாலும் 13தான். மற்ற எந்தச் சோதனைக்கும் முன்னால் ஈஸ்எரர் சோதனை வர வேண்டும்.

எண் காலங்களில் கலர் சரி, தமிழ்ச் சொல் இருக்கும் காலத்தில் மட்டும் பிடிக்கவில்லை

நம் ஊர் ஷீட்டுகளில் மிகுதியாக வரும் அறிகுறி இது. வெளிநாட்டார் எழுதிய உதவிக் குறிப்புகளில் இதற்குப் பதில் கிடைப்பது அரிது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எக்ஸெல் ஷீட் யூனிகோடை (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் முறை) புரிந்துகொள்ளும். மேக்ரோ எழுதும் எடிட்டர் புரிந்துகொள்ளாது. அங்கே மேற்கோள் குறிக்குள் ‘பாக்கி’ என்று ஒட்டிப் பாருங்கள், ஆறு கேள்விக்குறி விழும். ப, கால், க, புள்ளி, க, கொக்கி: கம்ப்யூட்டருக்கு அது ஆறு குறியீடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி. மேக்ரோ இப்போது செல்லில் உள்ள ‘பாக்கி’யை ஆறு கேள்விக்குறியோடு ஒப்பிடுகிறது. ஒருபோதும் பொருந்தாது.

சமக்குறிக்குப் பதில் ‘லைக்’ பயன்படுத்தியிருந்தால் விளைவு இன்னும் மோசம். லைக்கில் கேள்விக்குறி என்றால் ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள். ஆகவே ஆறு குறியீடு உள்ள எந்தச் சொல்லும் பொருந்தும். ‘பாக்கி’ சிவப்பாகும், ‘முடிவு’ என்று அடித்தாலும் சிவப்பாகும், ஏனென்றால் அதுவும் ஆறு. சில சொல்லுக்குச் சரியாகவும் சில சொல்லுக்குத் தப்பாகவும் கலர் வந்தால் எடிட்டரில் கேள்விக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

தீர்வு எளிது: தமிழ்ச் சொல்லை மேக்ரோவுக்குள் எழுதாதீர்கள். ‘அளவுகள்’ என்று ஒரு தனி ஷீட் வைத்து, ஏ1-இல் ‘பாக்கி’, ஏ2-இல் ‘பாதி’, ஏ3-இல் ‘தீர்ந்தது’ என்று எழுதி, மேக்ரோ அந்தச் செல்லைப் படித்து ஒப்பிடட்டும். நாளைக்கு ‘பாக்கி’யை ‘நிலுவை’ என்று மாற்ற வேண்டுமென்றாலும் மேக்ரோவைத் தொட வேண்டியதில்லை. அந்த ஷீட்டின் பெயரையும் மேக்ரோவில் தமிழில் அழைக்க முடியாது, அதே கேள்விக்குறிப் பிரச்சினை. எடிட்டரின் இடது பக்கப் பட்டியலில் ஒவ்வொரு ஷீட்டுக்கும் ‘ஷீட்2’ மாதிரி ஓர் உள்பெயர் இருக்கும், அதை வைத்து அழையுங்கள். பட்டையில் உள்ள பெயரை யார் மாற்றினாலும் உள்பெயர் மாறாது.

சோதிக்கும்போது எம்எஸ்ஜிபாக்ஸை நம்ப வேண்டாம். செல்லில் உள்ள தமிழ் சரியாகவே இருந்தாலும் அது கேள்விக்குறியாகத்தான் காட்டும். இமீடியட் ஜன்னலும் அப்படியே. உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய ஏஎஸ்சிடபிள்யூ போட்டு எண்ணைப் பாருங்கள். ‘பாக்கி’யின் முதல் எழுத்து 2986 என்று வந்தால் அது ப. 63 என்று வந்தால் உண்மையிலேயே கேள்விக்குறி.

இதையெல்லாம் செய்தபிறகும் சில வரி மட்டும் பிடிக்கவில்லையா? ஊர் பெயரை வைத்துக் கலர் பிரிப்பவர்களுக்கு இது வரும். ‘கோத்தகிரி’ என்று இரண்டு செல்லில் இருக்கிறது, கண்ணுக்கு ஓர் இம்மியும் வித்தியாசமில்லை, ஒன்று கலராகிறது, மற்றது ஆகவில்லை. பக்கத்துச் செல்லில் லென் சூத்திரம் போட்டு நீளம் பாருங்கள். ஒன்று 9, இன்னொன்று 10 என்று வந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடு 3019. இரட்டைக் கொம்பு 3015, கால் 3006 என்று தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். மேக்ரோ எண்ணைப் பார்த்து ஒப்பிடுவதால் அதற்கு இரண்டும் வேறு வேறு ஊர். பழைய எழுத்துருவில் இருந்து மாற்றிய பட்டியல்களில் இது நுழைவதுண்டு. கொலக்கம்பையின் ‘கொ’வுக்கும் இதே சிக்கல்தான்: ஒன்றாக 3018, பிரித்தால் 3014-உம் 3006-உம். சோலூர்மட்டத்தின் ‘சோ’வும் விலக்கில்லை.

ஒப்பிடுவதற்கு முன் பிரிந்ததைச் சேர்த்துவிடுங்கள். மேக்ரோவில் ரீபிளேஸ் போட்டு, சிஹெச்ஆர்டபிள்யூ(3015), சிஹெச்ஆர்டபிள்யூ(3006) இரண்டும் அடுத்தடுத்து வரும் இடத்தில் சிஹெச்ஆர்டபிள்யூ(3019) வைக்க வேண்டும். ‘கொ’ வரிசைக்கு இன்னொரு வரி. ஷீட்டிலேயே செய்வதென்றால் சப்ஸ்டிட்யூட்டும் யூனிச்சாரும் போதும்.

நீளம் ஒன்று கூடுதலாக வந்தாலும் ‘கோ’ சரியாக இருந்தால், வாலில் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கும். ட்ரிம் போட்டால் போகும். போகாவிட்டால் அது சாதாரண வெற்றிடம் இல்லை, வலைப்பக்கத்தில் இருந்து வந்த 160-ஆம் எண் வெற்றிடம். ட்ரிம்முக்கு அது வெற்றிடமாகவே தெரியாது, ரீபிளேஸ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பத்துப் பதினைந்து வருடப் பழைய ஃபைல் என்றால் இன்னொன்றும் பாருங்கள். செல்லைத் தேர்ந்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றுங்கள். தமிழ் மறைந்து ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. உள்ளே தமிழே இல்லை. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது, பழைய பட்டியலை ஒருமுறை மாற்றிவிடுவதே நல்லது. மாற்றியபின் மேலே சொன்ன ‘கோ’ சோதனையை மறக்க வேண்டாம்.

எல்லாச் செல்லும் ஆரஞ்சு

நல்ல இலை 72 சதவீதம் இருக்கிறது, எல்லை 60, ஆனாலும் ஆரஞ்சு. செல்லில் 72-க்குப் பின்னால் சதவீதக் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே இருப்பது 0.72. மேக்ரோ 0.72-ஐ 60-உடன் ஒப்பிடுகிறது. எல்லையையும் 60% என்று ஒரு செல்லில் எழுதி, அந்தச் செல்லோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே அளவுக்கு வந்துவிடும்.

இன்னும் எதுவும் எழுதாத காலிச் செல்களும் ஆரஞ்சாகிறதா? காலிச் செல்லை மேக்ரோ பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், பூஜ்யம் எல்லைக்குக் கீழேதான். ஈஸ்நியூமெரிக் சோதனை இங்கே காப்பாற்றாது, காலிச் செல்லும் எண்தான் என்று அது சொல்லிவிடும். ஈஸ்எம்ப்ட்டி சோதனையைத் தனியாக முன்னால் போடுங்கள்.

42 சதவீதத்துக்கு ஆரஞ்சு வரவே இல்லை

மேலே உள்ளதற்கு நேர் எதிர், அதைவிட ஆபத்தானது. மோசமான இலை நல்ல இலை மாதிரி நழுவிப் போய்விடும். அந்த 42 செல்லின் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு, மேல் மூலையில் ஒரு குட்டிப் பச்சை முக்கோணத்தோடு இருந்தால் அது எண் இல்லை, எழுத்து. ஒரு செல்லை இன்னொரு செல்லோடு ஒப்பிடும்போது, ஒன்று எண்ணாகவும் மற்றது எழுத்தாகவும் இருந்தால், எண்தான் சின்னது என்று விபிஏ (மேக்ரோ எழுதும் மொழி) எப்போதும் முடிவு செய்யும். எழுத்தான 42, எண்ணான 60-ஐவிடப் பெரியதாகிவிடும். எல்லையை மேக்ரோவுக்குள் நேராக 60 என்று எழுதியிருந்தால் எழுத்தையும் எண்ணாக மாற்றி ஒப்பிட்டிருக்கும். ஒரே ஷீட்டில் ஒரு மேக்ரோ சரியாகவும் இன்னொன்று தப்பாகவும் நடப்பதற்கு இதுதான் காரணம்.

ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் சிடிபிஎல் போட்டு எண்ணாக்குங்கள். ஏற்கெனவே ஒட்டிய காலத்தைத் திருத்த, அதைத் தேர்ந்து ‘டேட்டா’ பட்டையில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ திறந்து நேராக ‘ஃபினிஷ்’ அழுத்தினால் போதும்.

மோசமானதற்கும் மிக மோசமானதற்கும் ஒரே கலர்

பல நிபந்தனைகளைச் சோதிக்கும் செலக்ட் கேஸ் மேலிருந்து கீழே பார்த்து, பொருந்திய முதல் வரியோடு நின்றுவிடும். ‘60-க்குக் கீழே’ முதலிலும் ‘40-க்குக் கீழே’ அடுத்ததிலும் இருந்தால் இரண்டாவதுக்கு யாரும் போக மாட்டார்கள். சின்ன எண்ணை மேலே வையுங்கள்.

மதிப்பு மாறியது, கலர் மாறவில்லை

அந்தச் செல்லில் இருப்பது சூத்திரமா? சேஞ்ச் நிகழ்வு, கையால் அடித்த செல்லுக்கு வரும். சூத்திரம் மறுபடி கணக்கிட்டு வேறு எண்ணைக் காட்டினால் வராது. அதற்கு ஒர்க்‌ஷீட்_கால்குலேட் என்று வேறு நிகழ்வு இருக்கிறது. எந்தச் செல் மாறியது என்று அது சொல்லாது, ஆகவே முழுக் காலத்தையும் பார்த்துப் பூச வேண்டும். இன்னொரு வழி, அந்தச் சூத்திரம் நம்பியிருக்கும் எடை, கழிவு காலங்களைச் சேஞ்சில் கவனித்து, அதே வரியில் உள்ள சூத்திரச் செல்லைப் பூசுவது. மழைக்காலத்தில் கழிவை அடிக்கடி திருத்தும் மையங்களுக்கு இது வேகமாக இருக்கும்.

‘பட்டுவாடா 30 நாள் தாண்டினால் அடர் சிவப்பு’ என்ற விதியும் இப்படித்தான். ராத்திரியோடு ராத்திரியாக நாள் கூடிவிட்டது, ஆனால் யாரும் செல்லைத் தொடவில்லை, மேக்ரோ ஓடவில்லை. காலையில் ஷீட் நேற்றைய கலரைக் காட்டுகிறது. ஒர்க்புக்_ஓபனில் இருந்து பூசும் மேக்ரோவைக் கூப்பிடுங்கள், ஃபைலைத் திறந்ததும் அன்றைய தேதிக்குக் கலர் வரும்.

விலைக் கலர் கொஞ்சம் நுட்பமானது. வாரியம் புது மாத விலையை அறிவித்ததும் ‘அளவுகள்’ ஷீட்டில் அதை மாற்றுகிறீர்கள். மாறிய செல் அது ஒன்றுதான், ஜி காலத்தில் எதுவும் மாறவில்லை, ஆகவே கலரும் மாறாது. சரி, முழுக் காலத்தையும் மறுபடி பூசலாம் என்று பட்டனை அழுத்தினால் போன மாதத்து வரிகளும் இந்த மாத விலையோடு ஒப்பிடப்பட்டு, முறையாகக் கொடுத்த விலையெல்லாம் சிவப்பாகிவிடும். விவசாயியிடம் அதைக் காட்டினால் வீண் சண்டை. ஒரே செல்லில் ஒரே விலை வைத்திருப்பதுதான் கோளாறு. மாதம் ஒரு காலம், விலை ஒரு காலம் என்று சின்னப் பட்டியலாக வைத்து, வரியின் தேதியில் உள்ள மாதத்துக்கு உரிய விலையை எடுத்து ஒப்பிடுங்கள். அப்புறம் எத்தனை முறை பூசினாலும் ஒரே விடைதான் வரும்.

சிவப்பு கேட்டால் நீலம் வருகிறது

வலைத்தளக் கலர் குறியீட்டை அப்படியே மேக்ரோவில் ஒட்டியிருப்பீர்கள். வலைத்தளத்தில் வரிசை சிவப்பு, பச்சை, நீலம். விபிஏ ஒரே எண்ணாகக் கலரைப் படிக்கும்போது வரிசை தலைகீழ்: நீலம், பச்சை, சிவப்பு. முழுச் சிவப்புக்கு அங்கே எண் 255 மட்டும்தான். பச்சைக்கு எந்த மாற்றமும் தெரியாது, அது நடுவில் இருக்கிறது. அதனால்தான் பச்சை சரியாக வந்து சிவப்பும் நீலமும் மட்டும் இடம் மாறும். ஆர்ஜிபி(255, 0, 0) என்று மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்தால் இந்தக் குழப்பமே இல்லை. கலர்இன்டெக்ஸைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். கலர்இன்டெக்ஸ் 56 கலர் கொண்ட பழைய தட்டு, அந்தத் தட்டை ஃபைலுக்கு ஃபைல் மாற்றியமைக்க முடியும்.

‘பாக்கி’யை அழித்த பிறகும் சிவப்பு போகவில்லை

மேக்ரோவுக்குப் பூசச் சொல்லிக்கொடுத்தீர்கள், துடைக்கச் சொல்லவில்லை. கேஸ் எல்ஸ் வரியில் (எந்த நிபந்தனையும் பொருந்தாதபோது ஓடுவது) இன்டீரியர்.கலர்இன்டெக்ஸ் = எக்ஸ்எல்நன் என்று கொடுங்கள். வெள்ளையைப் பூசினால் துடைத்த மாதிரி தெரியும், ஆனால் கட்டக் கோடுகள் அந்த இடத்தில் மட்டும் மறைந்துவிடும். நடுவில் ஒரு வரியைச் சேர்க்கும்போது புதுக் காலி வரி சிவப்பாக வந்தால் அது மேல் வரியில் இருந்து ஒட்டிக்கொண்ட கலர். அதையும் இதே எல்ஸ் வரிதான் துடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: மேக்ரோ ஷீட்டைத் தொட்டதும் அன்டூ பட்டியல் காலியாகிவிடும். தவறாக அடித்ததைக் கன்ட்ரோல் இசட் போட்டு மீட்க முடியாது. பலர் சேர்ந்து அடிக்கும் ஷீட்டில் இதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

மேக்ரோ ஓடுகிறது, பிழை இல்லை, கலர் மட்டும் தெரியவில்லை

அந்தச் செல்லில் பழைய கண்டிஷனல் ஃபார்மேட்டிங் விதி ஒன்று உயிரோடு இருக்கும். இரண்டும் ஒரே செல்லில் இருந்தால் திரையில் தெரிவது அதன் கலர்தான், மேக்ரோ பூசியது அடியில் மறைந்து கிடக்கும். ‘மேனேஜ் ரூல்ஸ்’ திறந்து ‘திஸ் ஒர்க்‌ஷீட்’ என்று மாற்றிப் பாருங்கள். ஒரு காலத்துக்கு ஒரு முறை என்று முடிவு செய்து இரண்டில் ஒன்றை நீக்கிவிடுங்கள்.

திரையில் தெரிந்து காகிதத்தில் வராவிட்டால் ‘பேஜ் செட்டப்’பில் ‘ஷீட்’ பக்கத்தைத் திறங்கள். ‘பிளாக் அண்ட் ஒயிட்’ பெட்டியில் டிக் இருந்தால் செல் கலர் எதுவும் அச்சாகாது. டிக்கை எடுத்தாலும் கருப்பு வெள்ளை பிரிண்டரில் சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக வரும். மையத்தின் சுவரில் ஒட்டும் பட்டியலுக்கு அது போதாது. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத கண்ணும் பலருக்கு உண்டு. ஆகவே கலரோடு ஓர் அடையாளமும் சேருங்கள்: பாக்கி வரியில் எழுத்தைத் தடிமனாக்கலாம், பக்கத்துச் செல்லில் ஒரு நட்சத்திரம் வைக்கலாம். நட்சத்திரத்தை மேக்ரோவே வைப்பதென்றால் அது செல்லில் எழுதுவதாகிவிடும், எனேபிள்ஈவென்ட்ஸ் வரி அப்போது வேண்டும்.

பிழை எண் 1004

ஷீட்டுக்குப் பாஸ்வேர்டு பூட்டுப் போட்டிருக்கிறீர்கள். பூட்டும்போது யூசர்இன்டர்ஃபேஸ்ஒன்லி என்பதை ட்ரூ என்று கொடுத்தால் ஆட்களுக்கு மட்டும் பூட்டு, மேக்ரோவுக்கு இல்லை. ஃபைலை மூடினால் அந்தச் சலுகை மறந்துபோகும். ‘போன வாரம் சரியாக இருந்ததே’ என்பது இதனால்தான். ஒர்க்புக்_ஓபனில் அந்த வரியை வைத்து ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூட்ட வேண்டும்.

சிவப்புச் செல்களை எண்ணும் சூத்திரம் பழைய எண்ணையே காட்டுகிறது

கலர் மாறுவது எக்ஸெலுக்கு ஒரு மாற்றமே இல்லை, அதனால் மறுகணக்கு நடக்காது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லாம் மறுபடி கணக்கிடப்படும். ஆனால் கலரை எண்ணுவதே வேண்டாத வேலை. சிவப்புக்குக் காரணமான ‘பாக்கி’ என்ற சொல்லைக் கவுன்ட்இஃப் போட்டு எண்ணுங்கள். கலர் தப்பாக இருந்தாலும் கணக்கு சரியாக இருக்கும், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிழை இருப்பதும் தெரிந்துவிடும்.

எக்ஸெல் மேக்ரோவை லிப்ரே ஆஃபீஸிலோ கூகுள் ஷீட்டிலோ கொண்டுபோனால்

லிப்ரே ஆஃபீஸில் செல்லின் கலருக்கு செல்பேக்கலர் என்று பெயர். வெறுமையாக்க அதற்கு -1 கொடுக்க வேண்டும். அங்கே கலர் எண்ணின் வரிசை வலைத்தளத்தைப் போலவே சிவப்பில் தொடங்கும், ஆகவே எக்ஸெலில் வேலை செய்த 255 அங்கே நீலமாக வரும். செல் மாறியதும் ஓட, ஷீட் பட்டையில் வலது கிளிக் செய்து ‘ஷீட் ஈவென்ட்ஸ்’ திறந்து ‘கன்டென்ட் சேஞ்ச்டு’ வரியில் மேக்ரோவை இணைக்க வேண்டும். அதன் எடிட்டர் தமிழை ஏற்கும் என்பது பெரிய ஆறுதல்.

கூகுள் ஷீட்டின் ஆப்ஸ் ஸ்கிரிப்டும் தமிழை ஏற்கும். போனில் அடித்தாலும் ஆன்எடிட் (செல்லைத் திருத்தியதும் தானாக ஓடும் மேக்ரோ) ஓடும், எடை போடும் இடத்திலேயே கலர் வரும். பல மையங்கள் ஒரே ஷீட்டில் அடிப்பதென்றால் இதுவே வசதி. இங்கேயும் சூத்திரம் மாறினால் ஆன்எடிட் வராது. பல செல்லை ஒட்டும்போது ஈ.வேல்யூ வெறுமையாக வரும், அதனால் ஈ.ரேஞ்சில் இருந்து கெட்வேல்யூஸ் எடுத்துச் சுற்ற வேண்டும். பூசும்போது செல் செல்லாக செட்பேக்கிரவுண்ட் கொடுத்தால் நெட் மெதுவாக இருக்கும் நாளில் இழுத்துக்கொண்டே போகும், ஆன்எடிட்டுக்கு 30 நொடிதான் அவகாசம். கலர்களையெல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்து, கடைசியில் செட்பேக்கிரவுண்ட்ஸ் ஒருமுறை கொடுங்கள்.